உயிராற்றலை உறிஞ்சும் மாயாவி: யப்பானியச் சித்திரக்கதைப் பாத்திரமொன்று பற்றிய சமூகவியல் நோக்கு

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க ஆய்விதழொன்றிலே யப்பானியச் சித்திரக்கதைப் பாத்திரமொன்றுக்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கப்படுவது சிலருக்கு வியப்பையும் வேறு சிலருக்கு எரிச்சலையும் தரக்கூடும். 1980களின் தொடக்கத்திலே பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்ச் சினிமாவைச் சமூகவியல் ஆய்வுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டபோதும் புருவம் உயர்த்தியோர் இருந்திருப்பர். எழுத்தறிவு பெற்ற இளைஞர் பெருந்தொகையினர் எதை விரும்பி வாசிக்கின்றனரோ, அதை விளங்கிக்கொள்ள மறுக்கும் இலக்கிய விமர்சனம் தன்னை முற்போக்கானதென அழைத்துக்கொள்வதிற் பொருளில்லை. அதேவேளை, வெகுசனப் பண்பாட்டிற் கிடைப்பனவற்றையெல்லாம் ‘எதிர்ப்பின் குரல்’ என மகிழ்ந்து ஏற்கும் அண்மைக்காலப் பழக்கமும் எமக்கு உடன்பாடானதன்று. புறக்கணிப்பும் புகழ்ச்சியும் பிரதியை வாசிக்காமல் விடுவதற்கான இரு வழிகளே.

நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளும் பாத்திரம் மோரோ. ‘டிராகன் போல் சூப்பர்’ எனும் மங்காவிலே, 2018ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2020ஆம் ஆண்டின் இறுதிவரை ‘வீ ஜம்ப்’ என்னும் மாத இதழில் வெளிவந்த நீண்ட கதைப்பகுதியின் பிரதான எதிரி அவன். ஆட்டுமுகமும் கொம்புகளும் உடைய முதியோன், மாயாவித்தை வல்லவன், கிரகங்களின் உயிராற்றலையும் அவற்றில் வாழ்வோரின் உயிராற்றலையும் உறிஞ்சி வாழ்பவன். இப்பாத்திரத்தை வாசிக்கையில் மார்க்சிய வாசகனுக்கு ஒரு பழைய உருவகம் உடனே நினைவுக்கு வருதல் இயல்பு. அவ்வுருவகம் எவ்வளவு தூரம் பொருந்துகிறது, எவ்விடத்திற் பொருந்தாமற் போகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. பொருந்தாத இடமே எமக்குக் கூடுதலான பயனைத் தந்தது என்பதை இங்கேயே கூறிவிடலாம்.

1

கதையை அறியாதோருக்காகச் சில செய்திகள் அவசியமாகின்றன. அகிரா தொரியாமா (1955–2024) ‘டிராகன் போல்’ எனும் மூலக் கதையை ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் 1984 முதல் 1995 வரை எழுதி வரைந்தார். சீனத்தின் ‘மேற்றிசைப் பயணம்’ எனும் பழங்கதையின் குரங்கரசனே அதன் நாயகனான கோக்குவுக்கு முதல் மாதிரி. சிறுவனொருவனின் வேடிக்கைப் பயணமாகத் தொடங்கிய கதை, காலப்போக்கில், ஒருவரையொருவர் வலிமையில் விஞ்சும் போர்க்கலை வீரரின் முடிவற்ற மோதலாக மாறிற்று. 2015இலிருந்து அதன் தொடர்ச்சி தோயோதாரோ என்ற இளைய ஓவியரின் கையால், தொரியாமாவின் மேற்பார்வையுடன் வரையப்பட்டது.

இக்கதையுலகின் அச்சாணி ‘கி’ என்னும் கருத்தாகும். சீன மொழியில் ‘சீ’ எனப்படும் இச்சொல் மூச்சு, ஆவி, உயிர்விசை ஆகிய பொருள்களை ஒருங்கே தருவது. எமது வழக்கிற் ‘பிராணன்’ என்னும் சொல் அதற்கு ஓரளவு அண்மையது. வீரர் தம் ‘கி’யைப் பயிற்சியாற் பெருக்கலாம், கையிலிருந்து ஒளிக்கதிராக வீசலாம், தொலைவிலுள்ள பிறரது ‘கி’யை உணரலாம். ஆகவே வலிமை என்பது இக்கதையிலே அளவிடக்கூடியது, சேமிக்கக்கூடியது, இடம் மாற்றக்கூடியது. அளவிடவும் இடம் மாற்றவும் கூடியதான ஒன்று பிறரால் அபகரிக்கப்படவும் கூடியதே. உறிஞ்சும் எதிரி இக்கதையுலகின் தருக்கத்திலிருந்தே பிறக்கிறான்.

அவன் முதலாமவனும் அல்லன். மூலக் கதையின் பிற்பகுதியில், விஞ்ஞானி கெரோவும் அவன் ஆக்கிய இயந்திர மனிதனும் உள்ளங்கையினால் எதிரியின் ஆற்றலை உறிஞ்சினர். செல் எனும் செயற்கை உயிரி வாலினால் நகர மக்களை உறிஞ்சியது. பாபிடி எனும் குள்ள மாயாவி, உறங்கும் அரக்கன் பூவை எழுப்புவதற்குப் போரிற் காயமுற்றோரின் ஆற்றலைச் சேகரித்தான். இவ்வகைப் பாத்திரங்களுக்குக் கிழக்காசியப் போர்க்கலைப் புனைகதையிலே முன்னோர் உண்டு. ஜின் யொங் ஹொங்கொங்கின் ‘மிங் பாவ்’ பத்திரிகையில் 1967 முதல் 1969 வரை எழுதிய தொடர்கதையொன்றிலே, றென் வோசிங் எனும் குழுத்தலைவன் ‘விண்மீன் உறிஞ்சும் பெருமுறை’யினால் எதிரிகளின் உள்ளாற்றலைத் தனதாக்குகிறான். அம்முறைக்கு ஒரு குறையுண்டு. பலரிடமிருந்து பறித்த ஆற்றல்கள் பறித்தவனின் உடலுக்குள்ளே ஒன்றோடொன்று இணங்காது மோதி அவனை வருத்தும். பறித்தது பறித்தவனுக்கு உரியதாக முழுமையாக மாறுவதில்லை என்ற இவ்வெண்ணத்தை மனங்கொள்ளுதல் நன்று. பின்னர் இதற்கு மீள்வோம்.

2

மோரோவுக்குரிய வரலாற்று இடத்தை அறிய, அவனை அதே கதையின் வேறோர் எதிரியோடு ஒப்பிடல் வேண்டும். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் எழுதப்பட்ட பகுதியின் எதிரி பிறீசா. அவனது தொழில் என்னவென்று வாசகர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். அவன் ஒரு வணிகன். நல்ல சூழலுடைய கிரகங்களைத் தேர்ந்து, அவற்றின் குடிகளைத் தன் கூலிப்படையைக் கொண்டு அழித்து, வெறுமையாக்கிய கிரகத்தை விலை தரக்கூடியோருக்கு விற்பவன். நாயகன் கோக்குவின் இனத்தவரான சையான்கள் அவனுக்காக இவ்வேலையைச் செய்த துணை ஒப்பந்தக்காரரே.

இது வெறுங் கற்பனையன்று. 1985இன் பிளாசா உடன்படிக்கைக்குப் பின் யப்பானில் வட்டிவீதம் தாழ்த்தப்பட்டு, காணி விலையும் பங்கு விலையும் வீங்கின. 1989 டிசம்பர் இறுதியில் நிக்கேய் பங்குச் சுட்டெண் 38,915ஐத் தொட்டது. தோக்கியோவின் அரச மாளிகை நிலத்தின் விலைக்குக் கலிபோர்ணியா முழுவதையும் வாங்கலாமென்று பேசப்பட்ட காலம் அது. அக்காலத்தில் ‘ஜிஆகேயா’ எனப்பட்ட ஒரு வகைத் தரகர் தோன்றினர். சிறு வீடுகளிலும் கடைகளிலும் நெடுநாள் வாழ்ந்தோரை மிரட்டியும் தொல்லைப்படுத்தியும் வெளியேற்றி, துண்டு நிலங்களை ஒன்றாக்கிப் பெருங் கம்பனிகளுக்குக் கைமாற்றுவது இவர்களது தொழில். பிறீசாவைப் படைக்கையிற் காணி ஊக வணிகரையே தாம் மனங்கொண்டிருந்ததாகத் தொரியாமாவே பின்னர் கூறியுள்ளார். மரியாதை தவறாத பேச்சும், புன்னகையும், கொலையும் ஒருங்கே அமைந்த அப்பாத்திரத்தின் நடையினை இச்செய்தி நன்கு விளக்குகிறது.

பிறீசாவுக்குக் கிரகம் ஒரு பண்டம். அதன் பயன்பெறுமதி வேறொருவருக்கு. அவனுக்கு வேண்டியது மாற்றுப் பெறுமதியே. ஆதலின் கிரகத்தைப் பழுதின்றிக் காப்பது அவனுக்கு இலாபம். மோரோவோ கிரகத்தை விற்பதில்லை. அவன் அதை உண்கிறான். அவன் நீங்கிய பின் மண்ணும் நீரும் செடியும் உயிரற்றுப் போகின்றன. விற்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. முப்பதாண்டு இடைவெளியில் ஒரே கதையின் எதிரி காணித் தரகனிலிருந்து நிலத்தின் சாரத்தையே அகழ்ந்தெடுப்பவனாக மாறியிருப்பது தற்செயலானதென்று தள்ளிவிடத்தக்கதன்று. இதற்கும் பொருளியற் போக்குகளுக்கும் நேர்க்கோடு போட்டுக் காட்டும் எளிமையான பிரதிபலிப்புக் கொள்கையை நாம் ஏற்பதில்லை. ஓவியர் எண்ணாதது படைப்பில் இல்லை என்ற எதிர்க் கொள்கையையும் ஏற்பதற்கில்லை. குமிழி வெடித்த பின் பிறந்து, நெடுந் தேக்கத்தையும், 2011இன் புக்குஷிமா அணுவுலை விபத்தையும், காலநிலை மாற்றம் பற்றிய அச்சத்தையும் கண்டு வளர்ந்த வாசகத் தலைமுறைக்கு எந்த எதிரி அச்சந் தருவான் என்பது வரலாறு சார்ந்த வினாவே.

3

கதையிற் குறிப்பாக நோக்கற்பாலது, நிலமும் உயிரும் ஒரே செயலால் உறிஞ்சப்படுவதாகும். பத்து மில்லியன் ஆண்டுகள் சிறையிலிருந்த மோரோ, பிறீசாவின் பழைய படையிலிருந்த கிரான்பெரி என்பவனின் துணையோடு தப்பிப் புதிய நமெக் கிரகத்தை அடைகிறான். வேண்டியதை அருளும் டிராகன் உருண்டைகளைக் கொண்டு, முடக்கப்பட்டிருந்த தன் மாயாசக்தியை மீளப் பெறுகிறான். பயன் முடிந்ததும் கிரான்பெரியைக் கொல்கிறான். சிறையிலிருந்த குற்றவாளிகள் அனைவரையும் விடுவித்துத் தனக்குப் படையாக்குகிறான். நமெக்கின் நிலத்திலிருந்து ஆற்றலை எரிமலைக் குழம்பு போல மேலெழச் செய்து அதனையே ஆயுதமாக வீசுகிறான். அவனோடு போரிடும் கோக்குவும் வெஜிற்றாவும் அடி வாங்குவதற்கு முன்னரே களைத்து விழுகின்றனர். அவர்கள் பயிற்சியாற் பெற்ற வலிமை அவனுக்கு உணவாகிறது. அவர்கள் எவ்வளவு முயல்கின்றனரோ, அவ்வளவு அவன் இளமையடைகிறான். கூனிய கிழவன் படிப்படியாகத் திரண்ட தோளுடைய இளைஞனாக மாறுவதை ஓவியர் இதழுக்கு இதழ் காட்டிச் செல்வது மங்காவுக்கேயுரிய உத்தி. உழைப்பவனின் களைப்பும் உறிஞ்சுபவனின் பொலிவும் ஒரே பக்கத்தின் அடுத்தடுத்த கட்டங்களில் நிற்கின்றன.

இவ்விடத்திலேதான் மார்க்சின் உருவகம் நினைவுக்கு வருகிறது. ‘மூலதனம்’ முதற் பாகத்திலே (1867), வேலைநாளின் நீளம் பற்றிய அத்தியாயத்தில், மூலதனத்தை அவர் உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இரத்தக் காட்டேரிக்கு ஒப்பிடுகிறார். அதற்கு முன்னரே, 1848இன் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையில், தான் எழுப்பிய சக்திகளைத் தானே அடக்க முடியாத மாயாவியின் உருவமும் வந்துள்ளது. காட்டேரியும் மாயாவியும் அங்கே வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு பணிகளுக்காக வருகின்றனர். மோரோவில் இருவரும் ஒருவராகின்றனர். பிராங்கோ மொறெற்றி 1983இல் வெளிவந்த தமது நூலில், பிராம் ஸ்டோக்கரின் டிராக்குலாவை (1897) மூலதனத்தின் உருவாக வாசித்துக் காட்டியமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. எனினும் டிராக்குலா மனித இரத்தத்தோடு நின்றுவிடுகிறான். நிலம் அவனுக்குப் படுக்கைதான். பெட்டியில் எடுத்துச் செல்லும் பிறந்த மண். மோரோ மண்ணையும் உண்பவன். முதலாளித்துவ விவசாயத்தின் முன்னேற்றம் உழைப்பாளியை மட்டுமன்றி மண்ணையும் கொள்ளையிடும் கலையின் முன்னேற்றமாகும் என மார்க்ஸ் அதே பாகத்தில், பெருந்தொழில் பற்றிய அத்தியாயத்தின் முடிவிற் காட்டியதற்கு, டிராக்குலாவை விட மோரோ நெருங்கியவன்.

நிலமும் உழைப்பும் சேர்ந்து வறளும் என்னும் இவ்வெண்ணம் ஓவியரின் தனிச்சொத்தன்று. மைக்கல் டௌசிக் 1980இல் வெளியிட்ட தமது மானிடவியல் நூலிலே, கொலம்பியாவின் கௌக்கா பள்ளத்தாக்குக் கரும்புத் தோட்டத் தொழிலாளர் சொல்லிவந்த கதையொன்றை ஆராய்கிறார். கூலியைப் பெருக்குவதற்காகப் பிசாசோடு இரகசிய ஒப்பந்தஞ் செய்துகொள்ளும் கரும்பு வெட்டுவோன் விரைவில் உடல் மெலிந்து சாவான்; அவன் பெற்ற பணம் ஆடம்பரப் பொருளுக்கன்றி நிலம் வாங்கவோ கால்நடை வாங்கவோ உதவாது; அவன் வெட்டிய கட்டையிலிருந்து கரும்பு மீண்டுந் துளிர்க்காது. நேற்றுவரை தம் நிலத்திற் பயிரிட்டு வாழ்ந்து, இன்று கூலிக்கு வெட்டுவோரான மக்கள், தமக்கு நேர்ந்ததைப் பிசாசின் மொழியிற் சொல்லிக்கொண்டனர். அவர்தம் கதையில் அறியாமையை மாத்திரம் காண்பது மேட்டுக்குடி விமர்சகரின் குருட்டுத்தனம். புதிய உற்பத்தி முறை தம் உடலிலும் மண்ணிலும் என்ன செய்கிறது என்பதை அவர்கள் கூர்மையாகக் கண்டிருந்தனர்.

யப்பானிய வாசகரும் உடல் உறிஞ்சப்படுவதை அறியாதவரல்லர். மிகையுழைப்பினால் நேரும் மரணத்துக்கு அம்மொழியில் ‘கரோஷி’ எனத் தனிச்சொல் உண்டு. அதனைத் தடுப்பதற்கென 2014இல் ஒரு சட்டம் ஆக்கப்பட்டது. மோரோவின் கதை தொடங்கிய 2018இலேதான் மேலதிக வேலை நேரத்துக்குத் தண்டனையோடு கூடிய உச்சவரம்பை விதிக்கும் சட்டமும் நிறைவேறிற்று. சாதாரண வரம்பு மாதத்துக்கு 45 மணித்தியாலம். ஆயினும் வேலை மிகுந்த மாதத்தில் 100 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவரை செல்லலாம். மரணத்துக்கு வேலையே காரணமென அதிகாரிகள் கணிக்கும் அளவும் ஏறத்தாழ அந்த 100தான். உயிர் போகும் எல்லைவரை உறிஞ்சுவதற்குச் சட்டம் இடந்தருகிறது என்று அதனை வாசிப்பதிற் பிழையில்லை.

4

இதுவரை உருவகம் பொருந்திற்று. இனி அது விலகும் இடத்தை நோக்குவோம்.

மோரோ எவரோடும் ஒப்பந்தஞ் செய்வதில்லை. கூலி கொடுப்பதில்லை. அவனது கிரகங்களில் வேலைநாள் என்பதே இல்லை. அவன் வருகிறான், உண்கிறான், போகிறான். மார்க்ஸ் காட்ட விரும்பிய காட்டேரியோ இவ்வாறு செயற்படுவதன்று. அதன் இரை சுதந்திரமானவன். தன் உழைப்புச் சக்தியைச் சந்தையிலே உரிய விலைக்குத் தானே விற்பவன். மாலையில் வீடு திரும்பி, உண்டு உறங்கி, மறுநாட் காலையில் மீண்டும் வரவேண்டியவன். அவன் வராவிடின் மூலதனம் பட்டினி கிடக்கும். உபரிப் பெறுமதி களவினாற் பிறப்பதில்லை, சமமான பரிமாற்றத்தின் ஊடாகவே பிறக்கிறது என்பதே மார்க்சின் கண்டுபிடிப்பு. சட்டம் மீறப்படாமலே சுரண்டல் நிகழ்கிறது. மோரோ என்னும் உருவத்தில் மறைந்துபோவது இதுவே. அவன் மரண தண்டனைக் கைதி; விண்வெளிக் காவற்படையினால் தேடப்படுபவன்; சட்டத்துக்கு வெளியே நிற்பவன். ஆகவே அவன் தோற்றதும் உலகு தன் நியாயமான ஒழுங்குக்கு மீள்வதாகக் கதை சொல்ல முடிகிறது. உறிஞ்சுதலைக் கண்ணுக்குப் புலப்படச் செய்த அதே அசைவு, அதனை ஒரு விதிவிலக்காகவும் ஆக்கிவிடுகிறது.

மோரோவை மூலதனம் என்பதைவிட ஆதித் திரட்சியின் உரு என்பதே பொருத்தமாகும். சுரங்கம் வறண்டதும் அடுத்த சுரங்கத்துக்கும், காடு அழிந்ததும் அடுத்த காட்டுக்கும் நகரும் கொள்ளை மூலதனத்தின் உரு அவன். ஆதித் திரட்சி முதலாளித்துவத்தின் பிள்ளைப்பருவத்தோடு முடிந்துபோன ஒன்றன்று என்று றோசா லக்சம்பேர்க் 1913இலேயே வாதிட்டார். அவ்வகையிற் பார்க்கும்போது மோரோ பழையவனுமாவான், இன்றையவனுமாவான். பத்து மில்லியன் ஆண்டுகளாகச் சிறையிலிருந்து இன்று வெளிவந்தவன் என்ற கதைச் செய்தியும் பொருளுடையதாகிறது.

ஆயினும் கதையின் நடுப்பகுதியில் வரும் ஒரு நிகழ்ச்சி எம்மை இந்த முடிவோடு நிற்கவிடவில்லை. மோரோவின் படையில் எழுபத்துமூன்று என்னும் எண்ணைப் பெயராகக் கொண்ட செயற்கை உயிரியொன்று உண்டு. பிறரது கழுத்தைப் பற்றினால் அவரது திறமையை அது நகலெடுக்கும். மோரோ தன் சக்தியின் நகலையும் அதனுள் முன்கூட்டியே சேமித்து வைத்திருக்கிறான். உறிஞ்சிய ஆற்றலையெல்லாம் இழந்து தோற்கும் நிலையில் அவ்வுயிரியை விழுங்கி, சேமித்ததை மீட்டு, அதன் நகலெடுக்கும் வல்லமையையும் தனதாக்குகிறான். இப்போது அவனுக்குப் பிறரது வலிமை மட்டும் போதாது, திறமையும் வேண்டும். தொழிலாளியின் கைத்திறன் அவனிடமிருந்து பிரிக்கப்பட்டு இயந்திரத்திற் சேமிக்கப்பட்டு, பின் அவனுக்கு எதிராகவே நிற்கும் நிகழ்முறையை இதனினும் சுருக்கமாக ஒரு சித்திரக்கதை காட்டிவிட முடியாது. கொள்ளைக்காரனாகத் தொடங்கியவன் இங்கே பெருந்தொழிலதிபனின் சாயலைப் பெறுகிறான்.

அவனது வீழ்ச்சியும் இதன்வழியே வருகிறது. மெரூஸ் எனும் தேவதூதனுக்குரிய ஆற்றலை நகலெடுத்ததும் மோரோவின் உடல் அதனைத் தாங்க மாட்டாது கட்டற்று வீங்குகிறது. முன்னர் அவன் சகன்போ எனும் தன் அடியாளுக்கு அளவுக்கு மேல் ஆற்றலை ஊட்டி, அவன் உடல் சிதைந்து சாகும்வரை போரிட வைத்தான். அதே கதி இப்போது அவனுக்கே நேர்கிறது. றென் வோசிங்கின் உடலுக்குள் மோதிய ஆற்றல்களை இங்கு நினைவுகூர்தல் தகும். அவன் செய்வது என்ன? பூமியோடு தன்னை ஒன்றாக்கிக்கொள்கிறான். இனி அவனை அழித்தால் பூமியும் அழியும். வீழ்ச்சியுறும் வங்கியோ பெருங் கம்பனியோ தன்னை மக்கள் வாழ்வோடு பிணைத்துக்கொண்டு, என்னை அழிப்பின் நீங்களும் அழிவீர் என்று அரசுகளிடம் பேரம் பேசியதை 2008இலே உலகம் கண்டது. ஓவியர் இதனை எண்ணினாரோ இல்லையோ, படத்திலுள்ள நிலைமை அதுதான்.

5

எதிரிக்கு மறுமொழியாக நாயகர் பக்கம் வைக்கப்படுவது யாது? மூலக் கதையிலே ‘கென்கிதாமா’ எனும் உத்தியொன்று உண்டு. கோக்கு கைகளை உயர்த்தி, மரஞ் செடி விலங்கு மனிதர் அனைவரிடமும் சிறிது ஆற்றலை வேண்டிப் பெற்று ஒரு பேரொளி உருண்டையாக்குகிறான். உறிஞ்சுதலுக்கு எதிர்நிலையில் விரும்பிக் கொடுத்தல் நிற்கிறது. எனினும் 1995இல் முடிவுற்ற பூ கதைப்பகுதியில் பூமியின் மக்கள் முகமறியாக் குரலொன்றுக்குத் தம் ஆற்றலைத் தர மறுக்கின்றனர். மிஸ்டர் சாத்தான் என்னும் புகழ்பெற்ற போலி வீரன் கேட்ட பின்னரே கை உயர்த்துகின்றனர். மக்கள் ஒன்றுபடுதல் வேண்டும், ஆனால் பிரபலமொருவன் அழைத்தாலன்றி ஒன்றுபடமாட்டார் என்ற இந்த நையாண்டியில் உண்மையும் உண்டு, மக்கள் மீதான அவநம்பிக்கையும் உண்டு.

மோரோ கதையில் இதனினும் முன்னேறிய ஓர் எண்ணம் வெஜிற்றாவின் வழியாக வருகிறது. பிறீசாவின் கூலிப்படையிலே கிரகங்களை அழித்தவன் வெஜிற்றா, நமெக்கியரைக் கொன்றவன். அக்குற்ற நினைவோடு அவன் யாட்ராற் என்னும் கிரகஞ் சென்று ஒரு வித்தை பயில்கிறான். அவ்வித்தை எதிரியை வலிமையால் வெல்வதன்று. உறிஞ்சுபவனின் உடலுக்குள்ளே கலந்து கிடக்கும் பிறரது ஆற்றல்களைப் பிரித்து, உரியவரிடம் திரும்பச் செல்ல விடுவது. நீண்ட இக்கதைத் தொடர் முழுவதிலும் ‘மேலும் வலிமை பெறு’ என்பதே தீர்வாக இருந்து வந்தது. இங்குதான் முதன்முறையாக, அபகரிக்கப்பட்டதை மீளக் கையளிப்பதே தீர்வாக முன்வைக்கப்படுகிறது. அபகரித்தோரின் உடைமையைப் பறித்தல் என்னும் எமக்குப் பழக்கமான எண்ணம், ஒரு சிறுவர் இதழின் பக்கத்தில், அதுவும் முன்னாட் கொலைகாரன் ஒருவனின் கையால், எதிர்பாராமல் எதிர்ப்படுகிறது. அப்பக்கங்களை வாசித்தபோது நாம் மகிழ்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

கதை அதனோடு நிற்கத் துணியவில்லை. மோரோ எழுபத்துமூன்றை விழுங்கிய பின் வெஜிற்றாவின் வித்தை பயனற்றதாகிவிடுகிறது. மீண்டும் தனி நாயகன், மீண்டும் மேலும் உயர்ந்ததொரு வலிமை நிலை. வெகுசன இதழின் உற்பத்தி முறை இதனை ஏறத்தாழக் கட்டாயமாக்குகிறது. ‘ஷோனென் ஜம்ப்’ 1995இன் தொடக்கத்தில் 6.53 மில்லியன் பிரதிகள் அச்சிடப்பட்டபோது, வாசகரின் வாக்கு அட்டைகளே தொடரொன்றின் ஆயுளைத் தீர்மானித்தன. வாராவாரம் பத்தொன்பதோ இருபதோ பக்கங்கள் வரைந்து தள்ள வேண்டிய ஓவியரின் உறக்கமின்மை அத்தொழிலில் எல்லோரும் அறிந்த செய்தி. எதிரி அழிந்தால் மேலும் பெரிய எதிரி தேவை. மூலதனத்தின் விரிவாக்க விதி கதையின் வளர்ச்சி விதியாகவும் இயங்குகிறது. தொரியாமா 1995இல் ஓய்ந்த பின்னரும் அவர் படைத்த உலகு திரைப்படமாகவும் விளையாட்டாகவும் பொம்மையாகவும் ஈட்டித்தந்தது; அதனை இளைய கைகள் தொடர்ந்து வரைந்தன. கடந்தகால உழைப்பு உயிருள்ள உழைப்பின் மீது செலுத்தும் ஆட்சியைப் பற்றிய இக்கதை அவ்வாட்சியின் கீழேயே வரையப்பட்டது.

இறுதிப் போரில், பூமியோடு கலந்த மோரோவின் நெற்றிப் படிகத்தை உடைப்பதற்குக் கோக்குவுக்கு ஆற்றல் போதவில்லை. வெஜிற்றா தன் வித்தையைத் தலைகீழாகப் பயன்படுத்தி, மற்றையோரின் ஆற்றலைச் சேர்த்து அவனுக்குக் கொடுக்கிறான். அப்போதும் போதவில்லை. போர்க்களத்தில் இல்லாத, வீரர்களுள் ஒருவராகவும் எண்ணப்படாத ஒருவனிடமிருந்து வந்த தெய்விக ‘கி’யே நிறைவைத் தருகிறது. அவன் உப், தொலைதூரக் கிராமமொன்றின் சிறுவன். மூலக் கதையை அறிந்த வாசகருக்கு அவன் புதியவன் அல்லன். 1995இல் வெளிவந்த கடைசி அத்தியாயங்களில், மோரோவின் வீழ்ச்சிக்குச் சில ஆண்டுகள் பிந்தியதாகக் கதைக்காலம் வைத்துள்ள போர்க்கலைப் போட்டிக்கு, அச்சிறுவன் வருகிறான். அவனது கிராமத்தில் உணவில்லை. பரிசுப் பணத்தைப் பெற்றுச் செல்ல வந்திருக்கிறான். பூமியைக் காத்த ஆற்றலில் ஒரு பங்கு அவனிடமிருந்து சென்றதாக இன்றைய வாசகர் அறிவர். அக்கிராமத்துக்கு அதனால் எதுவும் வந்து சேரவில்லை. கோக்கு அவனைத் தன்னிடம் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறான். பணத்தைச் செல்வந்தனான மிஸ்டர் சாத்தானிடம் கேட்டு வாங்கித் தரலாமென்கிறான்.